ஆல்-கிரெயின் பீர்: மாஷ் எஃபிஷியன்சி கூட எனக்குக் கைகொடுத்தவை

லண்டனில் பல ஆண்டுகளாக வீட்டிலேயே பீர் காய்ச்சி வருகிறேன். சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச பிரிட்டனில் 1963 முதல் உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம் என்பதை அங்கிருந்து வாசிப்பவர்கள் மனத்தில் கொள்ளுங்கள்.

டப்பாவில் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகை விட்டு முழுத் தானியத்துக்கு, அதாவது ஆல்-கிரெயின் முறைக்கு, மாறுகிறவர்கள் எல்லோரும் முதலில் என்னிடம் கேட்பது, "கணக்குப்படி வர வேண்டிய இனிப்பு ஏன் வரவில்லை?" என்பதுதான். நான் சொல்லும் பதிலும் மாறியதில்லை: வேறு எதையும் வாங்குவதற்கு முன் மால்ட் எப்படி உடைந்திருக்கிறது என்று பாருங்கள்.

கணக்கை ஒருமுறை போட்டுவிடலாம். மாரிஸ் ஓட்டர் என்ற பார்லி வகையின் ஒரு கிலோ மால்ட்டில் ஏறக்குறைய 300 லிட்டர் டிகிரி இனிப்பு உண்டு (லிட்டர் அளவை, ஹைட்ரோமீட்டர் 1.000-க்கு மேல் காட்டும் புள்ளிகளால் பெருக்கி வருவது லிட்டர் டிகிரி). 5 கிலோவுக்கு 1500. மாஷ், அதாவது உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது, முடிந்து, கொதிக்கும் முன் பாத்திரத்தில் 28 லிட்டர் வோர்ட் (வடித்த இனிப்பு நீர்) சேர்ந்து, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.033 காட்டினால், 28-ஐ 33-ஆல் பெருக்க 924. அதாவது 62 சதவீதம்தான் கிடைத்திருக்கிறது. இந்தச் சதவீதம்தான் மாஷ் எஃபிஷியன்சி. கடையில் உடைத்துக் கொடுத்த மால்ட்டை வைத்துக் காய்ச்சிய காலமெல்லாம் எனக்கு இந்த அளவுதான் வந்தது. அந்தப் பையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்பினால், உடையாத முழு மணிகள் ஏராளமாகக் கண்ணில் படும். முழு மணிக்குள் வெந்நீர் சரியாகப் போகாது. உள்ளே இருக்கும் மாவுப்பொருளை நொதிகள் எட்டுவதும் இல்லை.

இரண்டு உருளை கொண்ட சிறு அரவை எந்திரம் ஒன்றை வாங்கினேன். நான் வாங்கியவற்றில் மிகப் பயனுள்ள பொருள் இன்றுவரை அதுதான். உருளைகளின் இடைவெளியை, கார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் தகட்டால் அளந்து 0.9 மில்லிமீட்டரில் வைத்தேன். உள்ளிருக்கும் பருப்பு ரவைபோல நொறுங்க வேண்டும், மேலுள்ள உமி கிழியாமல் தோலாக மிஞ்ச வேண்டும், அதுதான் பக்குவம். உமிதான் பிறகு வடிகட்டியாக நிற்கிறது. 0.7-க்கு இறக்கினால் உமி தூளாகி, குழாய் அடைத்து, வோர்ட் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். இன்னும் நுணுக்கமாக உடைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. 5 கிலோ மால்ட்டின் மேல் 100 மில்லி தண்ணீரைத் தெளித்துக் கிளறி, பத்து நிமிடம் விட்டு அரையுங்கள். உமி பதமாகிக் கிழியாது. கடைசிக் கைப்பிடியை மட்டும் உலர்ந்த மால்ட்டாகப் போட்டால் உருளைகள் துடைத்ததுபோல் சுத்தமாகும், துருப்பிடிக்காது. இடைவெளியைச் சரிசெய்ததும் அதே 28 லிட்டர் 1.038 காட்டத் தொடங்கியது. 71 சதவீதம்!

அடுத்தது தண்ணீர். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழி வருவதால் காரத்தன்மை கொண்டது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதே அதற்குச் சாட்சி. கரிய வறுத்த மால்ட்டின் அமிலத்தன்மை இந்தக் காரத்தன்மையை ஈடுகட்டிவிடும் என்பதால் ஸ்டவுட், போர்ட்டர் போன்ற கரிய பீர் வகைகள் இங்கே இயல்பாகவே நன்றாக அமைகின்றன. வெளிர் நிற பீருக்குத்தான் சிக்கல்: மாஷின் பிஎச் 5.8-ஐத் தாண்டி நின்றுவிடும். சில மில்லி லாக்டிக் அமிலம் சேர்த்து 5.2-க்கும் 5.5-க்கும் இடையே கொண்டுவருகிறேன். பிஎச் மீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அதன் முனை காலப்போக்கில் தேய்ந்துபோகும் பொருள். காயவிடாமல் அதற்குரிய கரைசலில் வைத்து, காய்ச்சும் நாளன்று 4.01, 7.00 கரைசல்களில் சரிபார்த்து, ஆறவைத்த மாதிரியைத்தான் அளக்க வேண்டும். இவ்வளவு பராமரிப்புக்கு மனமில்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

வெப்பநிலையை மாற்றி எஃபிஷியன்சியை ஏற்றப் பார்க்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். 62 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் எங்கே வைத்தாலும் அது பெரும்பாலும் பீரின் கனத்தைத்தான் மாற்றும். நான் 67-இல் வைக்கிறேன். என் மாஷ் டன், அதாவது மால்ட் ஊறவைக்கும் பாத்திரம், ஒரு சாதாரண கூல் பாக்ஸ். முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை. மாவுப்பொருள் முழுதும் சர்க்கரையாகிவிட்டதா என்ற சந்தேகம் வந்தால், உமி கலக்காத ஒரு துளி வோர்ட்டைத் தட்டில் விட்டு அயோடின் சொட்டுங்கள். கருநீலமானால் இன்னும் பொறுத்திருக்க வேண்டும். அந்தத் துளியைக் கொட்டிவிடுங்கள், மாஷில் திரும்பச் சேர்க்காதீர்கள்.

மீதி முன்னேற்றம் தானியத்தில் தங்கிய இனிப்பைக் கழுவி எடுப்பதில் கிடைத்தது. கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரைத் தானியம் பிடித்துக்கொள்ளும். எனவே 19 லிட்டரில் மாஷ் செய்தால் 14 லிட்டர் வடியும். பிறகு 14 லிட்டர் வெந்நீர் ஊற்றி, அடிவரை நன்றாகக் கிளறி, மறுபடி வடிக்கிறேன். இரண்டு வடிப்பும் சம அளவாக இருக்கும்போதுதான் பலன் அதிகம். தானியப் படுகை 77 டிகிரிக்கு மேல் போனால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். பெட்டியின் பின்பக்கத்துக்கு ஒரு கட்டை கொடுத்துச் சாய்த்தது செலவே இல்லாத காரியம். குழாய்க்குக் கீழே தேங்கிய வோர்ட் அதனால் வந்துசேர்ந்தது. இப்போது 1.041, அதாவது 76 சதவீதத்தைத் தாண்டுகிறது. அளப்பதற்கு முன் பாத்திரத்தைக் கலக்குங்கள். இரண்டாம் வடிப்பு நீர்த்தது, மேலே மிதந்து நிற்கும். மாதிரியை 20 டிகிரிக்கு ஆறவிடுங்கள். சூட்டில் ஹைட்ரோமீட்டர் குறைத்தே காட்டும்.

இதற்கு மேல் துரத்துவதில் எனக்கு ஆர்வம் இல்லை. 85 சதவீதத்துக்காகக் கடைசிச் சொட்டுவரை கழுவுவதைவிட, ஒவ்வொரு முறையும் அதே 76 வருவதுதான் எனக்கு வேண்டும். அப்போதுதான் செய்முறையை நம்பி எழுதலாம். பார்லி வைன் என்ற கடுமையான பீர்போல 9 கிலோ மால்ட் போடும் நாளில் இந்த எண் எப்படியும் 65-க்கு அருகில் இறங்கும், ஏனெனில் கழுவுவதற்குத் தண்ணீர் மிஞ்சாது. அதற்கேற்ப மால்ட்டைக் கூட்டிப் போடுகிறேன். தானியத்தில் தங்கிய இனிப்பைத் தனியாகக் கழுவி, தனிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, லேசான பீர் ஒன்றும் காய்ச்சிக்கொள்கிறேன்.