ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் போகிறவர்கள் கவனத்துக்கு: வாசலில் நிற்கும் "கவர்ன்மென்ட் கைடு"

லீவுக்கு மைசூர் கிளம்புகிற குடும்பங்கள் நிறைய என்பதால் இதை எழுதுகிறேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் கோடை மாளிகையான தரியா தௌலத் பாக் வாசலில் எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன். எதைப் பார்க்கப் போனோமோ அதைப் பார்க்க விடாமல் விரட்டியதுதான் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் காஞ்சிபுரம். அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம், குழந்தைகள் என்று ஒன்பது பேர். மைசூரில் ஒரு டிராவல்ஸில் வேன் பேசியிருந்தோம். வண்டி நின்றதுமே கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் கதவைத் திறந்தார். நல்ல தமிழ். "வாங்கய்யா, தமிழ்நாடா? நான் கவர்ன்மென்ட் கைடு. டிக்கெட், கைடு, செருப்பு டோக்கன் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 150. லைன்ல நிக்க வேணாம்." டிரைவரும் திரும்பி, "நம்ம ஆளுதான் சார், குடுங்க" என்றார். சித்தப்பா அங்கேயே ஜிபேயில் 1350 ரூபாய் அனுப்பினார்.

உள்ளே போகும்போதுதான் கவுண்டர் பலகையைப் பார்த்தேன். நாங்கள் போனபோது இந்தியர்களுக்கு ஆளுக்கு 25 ரூபாய். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட்டே கிடையாது. எங்கள் கணக்கில் மூன்று பேர் குழந்தைகள். ஆக மொத்தம் 150 ரூபாய். எங்கள் எல்லோருக்கும் ஆகவேண்டிய காசை அவர் ஒரு தலைக்கு வாங்கியிருக்கிறார். லைன் என்று எதுவும் அங்கே இல்லவே இல்லை.

இந்த மாளிகை 1784இல் கட்டப்பட்டது. பெரும்பாலும் தேக்கு. காவிரிக் கரைத் தோட்டத்துக்கு நடுவே, மேடைமேல் நிற்கிறது. வாசலிலிருந்து நேராக ஒரு நீண்ட நடைபாதை, இரண்டு பக்கமும் புல்வெளி. வெயில் படாமல் இருக்கத் தாழ்வாரத்தைச் சுற்றிப் பச்சைத் திரை தொங்குவதால், தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம் போலத்தான் இருக்கும். திரைக்குப் பின்னால் போனால் சுவர் முழுக்க ஓவியம்.

மேற்குச் சுவருக்காகத்தான் அப்பா வந்தார். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்த பொள்ளிலூர்ப் போர் அங்கே வரையப்பட்டிருக்கிறது. அந்தப் பொள்ளிலூர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் புள்ளலூர்தான். மறுவருடம் அங்கேயே நடந்த சண்டையில் இறந்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இன்றும் வயல்வெளியில் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. சின்ன வயதிலிருந்து அந்தத் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர் அப்பா. சுவரில் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். நடுவில் வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. காயம்பட்ட பெய்லி பல்லக்கில் விரலை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு குதிரையாக, ஒவ்வொரு முகமாகப் பார்க்க அரை நாள் வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம்கூட இல்லை. "படம்தானேய்யா, எல்லாம் ஒரே மாதிரிதான், வாங்க வாங்க" என்று அப்பாவின் கையைப் பிடித்து நகர்த்தினார். அப்பா திரும்பிப் போனபோது, "டிரைவர் கிளம்பிடுவாரு" என்றார். டிரைவருக்கு நாள் வாடகை கொடுத்தது நாங்கள்.

அவர் சொன்ன வரலாறு அதைவிட மோசம். திப்பு இந்த வீட்டில்தான் கொல்லப்பட்டாராம். 1799 மே 4 அன்று அவர் விழுந்தது கோட்டைக்குள், நீர்வாசல் பக்கம். இங்கிருந்து மைசூர் அரண்மனைக்குச் சுரங்கம் போகிறதாம். இன்றைக்கு இருக்கும் அந்த அரண்மனை கட்டி முடிந்ததே 1912இல். குழந்தைகள் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். திப்பு இறந்தபின் ஆங்கிலப் படைத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி இங்கே குடியிருந்ததையும், 1855இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி இந்த ஓவியங்களைப் புதுப்பிக்கச் சொன்னதையும் அவர் வாயே திறக்கவில்லை. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தில் நின்று பார்க்கவும் விடவில்லை.

அவசரம் எதற்கு என்பது வேனில் ஏறியதும் தெரிந்தது. "அரசு எம்போரியம்" என்று பெரிய போர்டு போட்ட ஒரு தனியார் கடை. அங்கே மட்டும் நேரத்துக்குக் குறைவில்லை, ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். முதலில் "ஒரிஜினல் மைசூர் சில்க்" விரித்தார்கள். அம்மா தறி வீட்டில் பிறந்தவர். முந்தானையைக் கையில் எடுத்ததுமே கீழே வைத்துவிட்டார், பட்டு நூல் ஒரு இழைகூட அதில் இல்லை. உடனே சந்தனத்துக்கு மாறினார்கள். சித்தப்பா ஒரு சாண் உயரப் பிள்ளையாரை 800 ரூபாய்க்கு வாங்கினார். அந்த அளவுக்கு உண்மையான சந்தனக் கட்டை அந்த விலைக்கு எங்கேயும் கிடைக்காது. வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தபோது துணியில் சாயம் ஒட்டியது, இரண்டு நாளில் வாசனையும் போனது. பில் கையால் எழுதினது, ஜிஎஸ்டி எண் இல்லை.

டிக்கெட் கவுண்டரில் கேட்டபோது, அந்த ஆள் எங்கள் துறையைச் சேர்ந்தவர் இல்லை, வாசலுக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பும் இல்லை என்றார்கள். டிராவல்ஸில் போன் எடுக்கவே இல்லை.

போகிறவர்கள் டிக்கெட்டை நேராகக் கவுண்டரிலோ தொல்லியல் துறையின் ஆன்லைன் பதிவிலோ வாங்குங்கள். வண்டியிலேயே வந்து பேசுகிறவரிடம் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கைடு வேண்டுமென்றால் கழுத்து அட்டையில் யார் கொடுத்தது, எதுவரை செல்லும் என்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். எங்களிடம் வந்தவர் அட்டையைத் திருப்பியே போட்டிருந்தார். வேன் பேசும்போதே எந்தக் கடைக்கும் போகக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. பட்டு வேண்டுமென்றால் கர்நாடக அரசின் கேஎஸ்ஐசி கடை, கைவினைப் பொருளுக்குக் காவேரி எம்போரியம், இரண்டும் மைசூரிலேயே இருக்கின்றன. மாளிகைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அதில் பாதி மேற்குச் சுவருக்கு.

ஜிபே ரசீது, பில், வண்டி எண் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். உங்களுக்கும் இதே போல் நடந்திருந்தால் ரசீதை வைத்துக்கொண்டு நீங்களும் பதியுங்கள். ஒரே கடைமேல் நாலு புகார் போனால்தான் யாராவது வந்து கேட்பார்கள்.