பிரேக் ஆயில் மாற்றியதாக பில் வந்தது, மாற்றவில்லை

பில்லில் பதினான்காவது வரி அது. "பிரேக் ஆயில் மாற்றம்" என்று அச்சடித்து, பக்கத்தில் பேனாவால் ஒரு டிக் போட்டிருந்தார்கள். ஆயிலுக்குத் தனியாக விலை, கூலி தனியாக. பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து வந்தேன். ஐந்து வாரம் கழித்து மலையிலிருந்து இறங்கும்போது, பின் சீட்டில் அம்மாவும் என் மகளும் உட்கார்ந்திருக்க, பிரேக் பெடல் என் காலுக்கடியில் தரைவரை போய்விட்டது.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆகியிருக்கலாம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த ஒர்க்‌ஷாப்பின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் செய்த குறுக்குவழி எந்த ஒர்க்‌ஷாப்பிலும் நடக்கக்கூடியது, பெயரைத் தெரிந்துகொள்வதைவிட அதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

ஏறும்போது வண்டியில் எந்தக் குறையும் தெரியவில்லை. இறக்கத்தில் நான்காவது கியரில் வந்துகொண்டிருந்தேன், காலை எடுக்காமல் லேசாக பிரேக்கை அழுத்தியபடி. இது என் தவறு, மறைக்க விரும்பவில்லை. இறக்கத்தில் எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்னது நினைவில் இருந்தும் செய்யவில்லை. ஒரு வளைவில் பெடல் மெத்தென்று இருப்பதுபோல் தோன்றியது. அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம் கீழே போனது. அதற்கடுத்த வளைவுக்கு முன்னால் மிதித்தபோது காலுக்கு எதிர்ப்பே இல்லை. வேகம் குறையவே இல்லை.

கியரை மூன்றுக்கும், உடனே இரண்டுக்கும் இறக்கினேன். என்ஜின் அலறியது, ஆனால் வண்டியை இழுத்துப் பிடித்தது. பெடலை விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை மிதித்ததில் நாலைந்தாவது மிதியில் பாதி அழுத்தம் கிடைத்தது. ஹேண்ட்பிரேக்கை அதன் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். மலைப்பக்கம் இருந்த மண் மேட்டில் சக்கரத்தை ஏற்றி நிறுத்தியபோது மகள், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஒன்று மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஆகும்போது பயத்தில் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிடாதீர்கள், நியூட்ரலுக்கும் போகாதீர்கள். என்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்குக்குக் கிடைக்கிற உதவியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். சாவியை முழுதாகத் திருப்பினால் பல வண்டிகளில் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக் கீழ் கியருக்கு வர வேண்டும்.

முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். பிறகு பெடலை மிதித்துப் பார்த்தால் பழையபடி கெட்டியாக இருக்கிறது! எதுவுமே நடக்காததுபோல. என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான். இரண்டாவது கியரிலேயே மெல்ல இறங்கி வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அட்வைசர் வண்டியை எடுத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். "பெடல் நல்லாத்தான் சார் இருக்கு. மலையில தொடர்ந்து மிதிச்சா எந்த வண்டியா இருந்தாலும் சூடாகும்." பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார். உள்ளே தெளிவான இளமஞ்சள் நிறத்தில் ஆயில். "பாருங்க, புது ஆயில்தானே?" ஆயிலில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் பேனா போன்ற ஒரு கருவியை அதில் முக்கினார், பச்சை விளக்கு எரிந்தது. நான் பாதி நம்பிவிட்டேன். தவறு என் ஓட்டுதலில்தான் என்று சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

ஆனால் தூக்கம் வரவில்லை. பிரேக் சூடாகி உராய்வு குறைந்து பிடிக்காமல் போவது வேறு, பெடல் தரைக்கு இறங்குவது வேறு. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. பெடலே மெத்தென்று கீழே போனால், டிஸ்க்கை நோக்கி அழுத்தத்தைக் கொண்டுபோகும் ஆயிலுக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த "ஏதோ" என்னவென்று கொஞ்சம் விளக்குகிறேன். இது புரிந்தால்தான் ஏமாற்று எங்கே நடந்தது என்பதும் புரியும்.

பெரும்பாலான கார்களில் இருக்கும் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் வகை. ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் டப்பாவின் மூடி வழியாகவும் சிறிது சிறிதாக ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டியிலும் சேரும். டாட் 4 என்று குறிக்கப்படும் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 155 டிகிரி. டாட் 3 என்றால் இந்த எண்கள் 205, 140. அந்தக் கொஞ்சம் ஈரம் கொதிநிலையை இவ்வளவு கீழே இழுத்துவிடுகிறது. பல தயாரிப்பாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

இறக்கத்தில் எவ்வளவு சூடு பிறக்கிறது தெரியுமா? ஒன்றரை டன் எடையுள்ள ஒரு கார் 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல், 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் என்ஜினும் எடுத்துக்கொள்ளும். நான்காவது கியரில் என்ஜின் எடுப்பது சொற்பம், மீதியெல்லாம் டிஸ்க்குக்கும் பேடுக்கும் போகிறது. அங்கிருந்து, பேடைத் தள்ளும் காலிப்பர் என்ற பாகத்துக்குள் இருக்கும் ஆயிலுக்கு. பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். நாம் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடுவதால் பெடல் திரும்ப வந்துவிடுகிறது. ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் குறை தெரியவே தெரியாது.

மூன்றாம் நாள் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், தனியாக ஒரு சிறிய ஷெட் வைத்திருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். டப்பாவில் ஆயில் புதிதாக இருக்கிறதே என்றும் சொன்னேன். அவர் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. "தம்பி, மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது. சக்கரத்துல பார்க்கணும்" என்றார்.

வண்டியைத் தூக்கி நான்கு சக்கரங்களையும் கழற்றினார். ஒவ்வொரு காலிப்பரிலும் ஒரு சிறிய நிப்பிள் இருக்கும், அதன் தலையில் ஒரு ரப்பர் தொப்பி. பழைய ஆயிலை வெளியேற்றவும், மெக்கானிக்குகள் சொல்வதுபோல் "ஏர் எடுக்கவும்" (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றவும்) அந்தத் தொப்பியைக் கழற்றி, நிப்பிளை ஸ்பேனரால் திருப்பித்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லை. என் வண்டியில் நான்கு தொப்பிகளும் மண் படிந்து இறுகிப்போயிருந்தன. ஒன்றைக் கழற்றும்போது உடைந்தே போயிற்று. நிப்பிளைச் சுற்றித் துரு. ஸ்பேனர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. துரு இளக்கும் ஆயிலை அடித்துக் காத்திருந்துதான் முதல் நிப்பிளைத் திருப்ப முடிந்தது. "இதைத் தொட்டு வருஷக்கணக்கா ஆச்சு தம்பி."

குழாய் மாட்டித் திறந்தார். வெளியே வந்தது கருத்த பழுப்பு நிறத் திரவம். மேலே டப்பாவில் இளமஞ்சள், கீழே சக்கரத்தில் இது. நிறத்தை மட்டும் வைத்து ஆயிலைக் குறை சொல்ல முடியாது என்று அவரே சொன்னார். அதனால் அதைச் சூடாக்கிக் கொதிநிலையை அளக்கும் கருவியிலும் ஊற்றிப் பார்த்தார். 150 டிகிரியைத் தொடவில்லை. பேட்களையும் அளந்தார், 6 மில்லிமீட்டர் இருந்தது. அங்கே குறை இல்லை.

நடந்தது இதுதான். டப்பாவில் இருந்த பழைய ஆயிலை ஊசி சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, புது ஆயிலை மேலே ஊற்றியிருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. முறையாகச் செய்தால் வண்டியைத் தூக்கி, ஒவ்வொரு சக்கரமாகப் போய், புது ஆயில் வரும்வரை வெளியேற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். சூடாகிற இடம் சக்கரத்தில் இருக்கிறது. அங்கே இருந்த பழைய ஆயில் அப்படியே கிடந்தது. பேனா கருவி பச்சை காட்டியதும் பொய்யில்லை, அது அளந்தது டப்பாவில் இருந்ததை மட்டும்தான்.

மெக்கானிக் எடுக்க எடுக்க நான் படமும் வீடியோவும் எடுத்துக்கொண்டேன். உடைந்த தொப்பியையும், சக்கரத்திலிருந்து எடுத்த ஆயிலை ஒரு பாட்டிலிலும் எடுத்துக்கொண்டு மறுபடி அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். இந்த முறை மேனேஜர் வந்தார். வீடியோவைப் பார்த்தார். "அந்தப் பையன் புதுசு சார், கவனிக்காம விட்டுட்டான்" என்றார். பதினான்காவது வரிக்கான பணத்தைத் திருப்பித் தந்தார்கள். வேலை செய்யவில்லை என்று எழுதிக் கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள்.

பணம் எனக்கு இரண்டாம்பட்சம். அந்தப் பையன் புதிது என்றால் அவன் எத்தனை வண்டிகளில் இப்படி டிக் போட்டிருப்பான்? அந்த வண்டிகளின் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்வீர்களா என்று கேட்டேன். "பார்க்கிறோம் சார்" என்றார். சர்வீஸில் செய்யாத வேலைக்கு பில் போடுவது புதிதல்ல. ஏர் ஃபில்டரைத் தட்டி மாட்டிவிட்டுப் புதிது என்பார்கள், வீல் பேலன்ஸ் செய்யாமலே செய்ததாக எழுதுவார்கள். அவையெல்லாம் பண நஷ்டம். பிரேக்கில் இதைச் செய்வது வேறு. வண்டியில் வருகிறவர்களும் எதிரே வருகிறவர்களும் அந்த டிக்கை நம்பித்தான் வருகிறார்கள்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். வண்டியை விடும்போதே, பிரேக் ஆயில் மாற்றும்போது நான் பக்கத்தில் இருப்பேன், பழைய ஆயிலைப் பாட்டிலில் பிடித்துக் காட்ட வேண்டும் என்று செய்ய வேண்டிய வேலைகளை அவர்கள் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதவைக்கிறேன். முழுதாக மாற்ற சாதாரணக் காருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தேவைப்படும். பில்லில் கால் லிட்டர் என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். ஆயில் டின் சீல் உடைக்காததாக இருக்க வேண்டும். திறந்து வைத்த டின் அங்கேயே ஈரத்தை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். எந்த வகை ஆயில் என்பது டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 4 போடும் வண்டியில் டாட் 5 ஊற்றக் கூடாது. எண் பெரிதாக இருப்பதால் உயர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு, ஆனால் அது சிலிகான் வகை, இதோடு கலக்காது. டாட் 5.1 என்பது வேறு, சிலிகான் அல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் நிற்க விடமாட்டோம் என்று சொல்கிற இடத்தில் இந்த வேலையைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஏற்கெனவே மாற்றி பில் வாங்கியவர்கள் சக்கரத்தின் உள்பக்கம் டார்ச் அடித்து நிப்பிளைப் பாருங்கள். தொப்பி சுத்தமாக, ஸ்பேனர் பட்ட அடையாளத்தோடு இருந்தால் நல்லது. மண்ணும் துருவும் மூடியிருந்தால் என்னைப் போல் நீங்களும் காசு கொடுத்து டப்பாவை மட்டும் நிரப்பியிருக்கிறீர்கள். ஜாக் மட்டும் வைத்து வண்டியைத் தூக்கி அதன் அடியில் நுழைந்து பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் பல வண்டிகளில் முன்சக்கரத்து நிப்பிள் நின்ற இடத்திலேயே தெரியும்.

அப்புறம், ஆயில் குறைந்து சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால், கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போகலாம் என்று விடாதீர்கள். பேட் தேயத் தேய டப்பாவில் மட்டம் இறங்கும், அல்லது எங்கேயோ கசிகிறது. இரண்டில் எது என்று தெரிந்துகொண்டு ஊற்றுங்கள்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் ஒரு கடிதமும் அனுப்பினேன். மற்ற வண்டிகளைப் பற்றிய அந்த ஒரே கேள்விதான் அதிலும். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. விடுமுறைக்கு மலைக்குக் கிளம்புகிறவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், கிளம்புவதற்கு முன் அந்த ரப்பர் தொப்பிகளை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.