ரிப்பேர் கஃபே சிற்றூருக்கு ஏற்ற சேவைதானா?

பழுதான பொருளைக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணிச் செல்பவர்களுக்கு, வேலை தெரிந்த தன்னார்வலர்களும் பழுதான பொருளை உடையவர்களும் ஓரிடத்தில் கூடிச் சேர்ந்தே பழுது பார்க்கும் ரிப்பேர் கஃபே ஏமாற்றமே தரும். ஆம்ஸ்டர்டாமில் 2009ஆம் ஆண்டு மார்ட்டினே போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் தொடங்கிவைத்து, இன்று பல நாடுகளில் அந்தந்த ஊர்மக்களே நடத்திவரும் இந்தச் சேவையில், பொருளுக்கு உரியவர் பழுது பார்ப்பவரின் பக்கத்திலேயே உட்கார்ந்து, முடிந்த அளவு தாமும் கை கொடுக்க வேண்டும். கூலி கிடையாது, விரும்பினால் உண்டியலில் ஏதேனும் போடலாம்.

இந்தச் சேவையின் பலம் முழுவதும் அந்தப் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறது. உறுமிக்கொண்டே சுற்றாமல் நிற்கும் மேசை விசிறியின் இறக்கையை ஒரு குச்சியால் மெல்லத் தள்ளி, அது ஓடத் தொடங்கினால் பெரும்பாலும் கண்டென்சர்தான் போயிருக்கும் என்று ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் விளக்கி முடிப்பதற்குள், பல ஆண்டுகளாக ஒரே தெருவில் குடியிருந்தும் பேசியிராத இருவருக்குள் பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. ஊர் ஒற்றுமைக்கென்று கூட்டம் போட்டால் வழக்கமாகப் பேசுபவர்கள்தான் பேசுவார்கள். கண்ணெதிரே ஒரு வேலை இருந்தால் கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் வாய் திறக்கிறது.

பழுது பார்ப்பை மட்டும் வைத்துச் சொன்னால் சேவை சுமார்தான். பசை போட்டு மூடப்பட்ட கைப்பேசிகளும் உதிரிப்பாகம் கிடைக்காத மலிவு ஹெட்ஃபோன்களும் வந்தபடியே திரும்புகின்றன. உத்தரவாதம் எதுவும் இல்லை. தையல் மேசை மட்டும் விதிவிலக்கு. கிழிசலோ அறுந்த ஜிப்போ, அங்கே போனவர்கள் பெரும்பாலும் வேலையை முடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்கள்.

பெரிய குறை ஆள் பற்றாக்குறை. வேலை தெரிந்த நான்கைந்து முதியவர்களையே நம்பி நடத்தும்போது வரிசை நீள்கிறது, "வைத்துவிட்டுப் போங்கள், பார்த்து வைக்கிறோம்" என்ற பேச்சு தொடங்குகிறது. அதற்குப் பிறகு அது வெறும் இலவச ரிப்பேர் கடைதான். அக்கம்பக்கத்தில் கூலிக்கு அதே வேலையைச் செய்பவரின் பிழைப்பிலும் அது கை வைக்கும். விசிறி அவசரமாக ஓட வேண்டுமென்றால் அவரிடமே போவது நல்லது. ஊரில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் மேசைக்கு மூன்று நாற்காலிகள் போடட்டும். மூன்றாவது, வேலை கற்றுக்கொள்ள வரும் இளையவருக்கு.