கடைசி வரிசை மேசையிலிருந்து: ஐரோப்பிய கோ கூட்டமைப்பின் போட்டி ஏற்பாடு, ஒரு மதிப்பீடு

கோ ஆட்டத்தில் பல ஆண்டுகளாக எட்டாம் கியூ என்னும் தரத்தைச் சுற்றியே உழன்றுகொண்டிருக்கும் ஒருவன் எழுதும் மதிப்பீடு இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. கோப்பை வாங்கும் உயரத்தில் நான் இல்லை. இனி அங்கு போய்ச் சேரப்போவதும் இல்லை. ஆகவே ஐரோப்பிய கோ கூட்டமைப்பு தன் போட்டிகளை எப்படி நடத்துகிறது என்று எடைபோடும்போது, முதல் மேசையில் யார் வென்றார் என்பதைவிட, அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். அந்த அளவுகோலில் இந்தச் சேவைக்குத் தாராளமாகவே மதிப்பெண் போடுவேன். குறைகளும் உண்டு, அவற்றை ஆங்காங்கே சொல்கிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். தமிழில் கோ என்றால் அரசன். இந்தக் கோ ஆட்டத்திலோ அரசனும் இல்லை, மந்திரியும் இல்லை. நெடுக்கில் 19, குறுக்கில் 19 எனக் கோடுகள் போட்ட பலகையில் 361 சந்திப்புப் புள்ளிகள் இருக்கின்றன. கறுப்புக்கல்லும் வெள்ளைக்கல்லும் அவற்றில் மாறி மாறி வைக்கப்படுகின்றன. யார் அதிக இடத்தை வளைத்தார் என்பதே வெற்றி. ஆட்டக்காரரின் தரம் கியூவில் தொடங்குகிறது. எண் குறையக் குறைய வலிமை கூடும். முதல் கியூவைத் தாண்டினால் முதல் டான். அதன்பின் எண் கூடக்கூட வலிமையும் கூடும். இரண்டு பேருக்கும் இடையே எத்தனை தரம் வித்தியாசமோ, ஏறத்தாழ அத்தனை ஹேண்டிகேப் கற்களை வலுக்குறைந்தவர் முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொண்டால் ஆட்டம் சமமாகிவிடும் என்பது இந்த ஆட்டத்தின் தனி அழகு. தரம் என்பது இங்கே வெறும் பட்டம் அன்று, அளவுகோல் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தெளிவாகும்.

கூட்டமைப்பின் ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது மக்மஹன் முறை. இது ஐரோப்பாவில் பிறந்ததன்று. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய லீ மக்மஹனின் பெயரைத் தாங்கியது. யூனிக்ஸ் கணினிகளில் வேலை செய்பவர்கள் அவரை 'செட்' என்னும் கருவியை எழுதியவராக அறிவார்கள். சதுரங்கப் போட்டிகளுக்குப் போனவர்களுக்குச் சுவிஸ் முறை தெரிந்திருக்கும்: எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குவார்கள், சமமான புள்ளி பெற்றவர்கள் மோதுவார்கள். அதில் முதல் சுற்று பெரும்பாலும் வீண். வலியவர் மெலியவரை அரை மணி நேரத்தில் நசுக்கிவிட்டு வெளியே காற்று வாங்கப் போய்விடுவார். மக்மஹன் முறையில் ஒவ்வொருவரும் தத்தம் தரத்துக்கேற்ற புள்ளியுடனேயே போட்டிக்குள் நுழைகிறார்கள். மேலே 'பார்' என்றொரு எல்லைக்கோடு வைக்கப்படும். அதற்கு மேலுள்ளவர்கள் அனைவரும் ஒரே புள்ளியில் தொடங்கிக் கோப்பைக்காக மோதுவார்கள். அந்தக் கோட்டை மூன்றாம் டானில் வைத்தால், எட்டாம் கியூவில் இருக்கும் நான் அவர்களைவிடப் பத்துப் புள்ளி கீழே தொடங்குவேன். ஐந்து சுற்றிலும் வென்றாலும் கோப்பையை எட்ட முடியாது. ஆனால் முதல் சுற்றிலேயே என் கைக்கு ஏற்ற எதிராளி கிடைப்பார். வென்றால் ஏழாம் கியூ, தோற்றால் ஒன்பதாம் கியூ என்று ஒவ்வொரு சுற்றும் இன்னும் பொருத்தமான ஆளைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைக்கும். இரண்டு நாளில் ஐந்து ஆட்டம் ஆடினால் மூன்றில் வெற்றியும் இரண்டில் தோல்வியும், அல்லது இதன் தலைகீழ், என்பதே பலருக்கும் வாய்க்கும் முடிவு. ஐந்திலும் கழுத்தைப் பிடிக்கும் ஆட்டம் கிடைப்பதே நான் கேட்கும் பயன்.

இந்த முறையில் ஒட்டாத இடம் சமநிலை முறிப்பு. ஒரே புள்ளி பெற்றவர்களை, அவர்களுடைய எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். கணக்கு நியாயமானதுதான். ஆனாலும் முதல் சுற்றில் நாம் ஆடிய ஒருவர் கடைசிச் சுற்றில் அசட்டையாகத் தோற்றதற்காக நம் இடம் இறங்குவதைப் பார்க்கும்போது, பக்கத்து வயல்காரன் நீர் பாய்ச்சவில்லை என்று நம் கணக்கில் விளைச்சலைக் குறைத்ததுபோல் இருக்கிறது.

மக்மஹன் முறை ஓட வேண்டுமென்றால் தரம் நம்பத் தகுந்ததாக இருக்க வேண்டும். அதற்காகவே கூட்டமைப்பின் ரேட்டிங் தரவுத்தளம் இருக்கிறது. 1996 முதலான போட்டிகளின் முடிவுகள் அதில் கிடக்கின்றன. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் எண் உண்டு. பெயரைத் தட்டினால் அவர் யாரோடு எங்கே ஆடினார், என்ன நிறக் கல், எத்தனை ஹேண்டிகேப் என்பவை வரை வரிசையாக வரும், ரேட்டிங் ஏறி இறங்கிய வரைபடமும் கூட. முதல் டானுக்கு 2100, முதல் கியூவுக்கு 2000, ஒவ்வொரு தரத்துக்கும் 100 என்ற எளிய அளவு. ஆகவே என் எட்டாம் கியூ 1300இல் நிற்கிறது. 1300இல் இருப்பவர் தனக்குச் சமமானவரை முழு எடையுள்ள போட்டியில் (எடை என்னவென்று கீழே சொல்கிறேன்) வென்றால் சுமார் 22 புள்ளி ஏறும், தோற்றால் சுமார் 17 இறங்கும். 2300இல் இருக்கும் மூன்றாம் டானுக்கோ அதே வெற்றி ஏழு புள்ளியைக்கூடத் தருவதில்லை. கீழே இருப்பவர்கள் வேகமாக முன்னேறுவார்கள், மேலே இருப்பவர்கள் அங்குலம் அங்குலமாக நகர்வார்கள் என்ற நடைமுறை அறிவு சூத்திரத்திலேயே பதிந்திருக்கிறது.

ஏற்றமும் இறக்கமும் ஏன் சமமாக இல்லை என்று கேட்கலாம். புதிதாக வந்து விறுவிறுவென்று முன்னேறும் சிறுவர்கள், அசையாமல் நிற்கும் என்னைப் போன்றவர்களிடமிருந்து புள்ளிகளைக் கறந்துகொண்டே போவார்கள். என் திறமை குறையாமலேயே என் எண் குறைந்துகொண்டு வரும். அதைச் சரிக்கட்டுவதற்காகத்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு சிறு ஊக்கப்புள்ளி சேர்க்கப்படுகிறது. 2021இல் சூத்திரத்தைத் திருத்திப் பழைய ஆட்டங்களையும் மீண்டும் கணக்கிட்டபோது, என் வரைபடத்தின் பள்ளங்கள் சில மேடாயின. மகிழ்ச்சிதான் என்றாலும், நடந்து முடிந்த என் கடந்த காலத்தை வேறொருவர் திருத்தி எழுதியதுபோன்ற சிறு உறுத்தலும் இருந்தது.

போட்டிகளை வகைப்படுத்துவதிலும் தெளிவு உண்டு. ஒருவருக்கு அடிப்படை நேரமாக 45 நிமிடமாவது தரும் போட்டி முதல் வகுப்பு, அதன் முடிவுக்கு முழு எடை. நேரம் குறையக் குறைய முக்கால், அரை என்று எடை குறைகிறது. இணையப் போட்டிக்குக் கால் பங்குதான். அவசர ஆட்டத்தில் வாங்கிய அடி, நிதானமான ஆட்டத்தில் வாங்கிய அடியைப் போல எண்ணில் தழும்பை விடுவதில்லை. எடுத்தவுடன் விளங்குகிற, யாரோடும் வாதாட வேண்டியிராத விதி இது.

என் மனக்குறை சூத்திரத்தின் மேல் அன்று, அதற்குள் போய்ச் சேரும் தகவலின் மேல். ஒரு வார இறுதிப் போட்டியில் (ஊரையும் ஏற்பாட்டாளரையும் சொல்லப்போவதில்லை) நான் நான்காம் சுற்றில் வென்ற ஆட்டம் தோல்வியாகப் பதிவாகியிருந்தது. சுவரில் ஒட்டிய பட்டியலில் என் பெயருக்கு நேரே, எதிராளியின் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில், கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி. ஐந்தாம் சுற்றுக்கு என்னைவிட இரண்டு தரம் குறைந்தவரோடு இணைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. முடிவைப் போய்ச் சொல்ல வேண்டியது வென்றவரின் பொறுப்பு என்பதால் பாதிப் பழி எனக்கும் உண்டு: நடுவர் மேசைக்குப் போய் வாயால் சொன்னேனே தவிர, அவர் என்ன தட்டினார் என்று குனிந்து பார்க்கவில்லை. நடுவர் மன்னிப்புக் கேட்டார், பட்டியலும் திருத்தப்பட்டது, இணைப்பை மட்டும் மாற்ற முடியவில்லை, ஏனென்றால் அரங்கில் கடிகாரங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. கூட்டமைப்பு எவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போட்டாலும், அந்தக் கணக்கின் வாசலில் காலை முதல் நின்றபடியே வேலை செய்து களைத்துப்போன ஒரு தன்னார்வலரின் விரல் இருக்கிறது.

சுயமாக அறிவித்துக்கொள்ளும் தரமும் ஒரு பலவீனம். முதன்முறை வருபவர் தன் தரம் இன்னது என்று தானே எழுதிக்கொள்கிறார். அடக்கத்தால் குறைத்து எழுதுபவர் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டால் நமக்கு வேதனை. பெருமைக்காகக் கூட்டி எழுதுபவருக்கு அந்த வேதனை அவருடையதே. சில நாடுகளில் உள்ளூர்ச் சங்கம் தரத்தைச் சரிபார்க்கிறது, சில இடங்களில் யாரும் கேட்பதில்லை. விதிகளும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. பிரிட்டனிலும் பிரான்ஸிலும் பரப்பை, அதாவது வளைத்த இடத்தோடு கற்களையும் சேர்த்து எண்ணும் வகை விதிகள், ஜெர்மனியில் பெரும்பாலும் ஜப்பானிய விதி. முடிவு மாறுவது அபூர்வம்தான். ஆயினும் எல்லை தாண்டிப் போகிறவர், கறுப்பு முதலில் ஆடும் சாதகத்துக்கு ஈடாக வெள்ளைக்குத் தரும் கோமி என்னும் கூடுதல் புள்ளி ஆறரையா ஏழரையா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது. அரைப் புள்ளியில் தோற்ற பிறகு கேட்பதைவிட அது மலிவு.

ஆட்ட மேசையில் நடப்பதையும் சற்று அருகிலிருந்து காட்ட வேண்டும். அடிப்படை நேரம் தீர்ந்ததும் கனேடிய முறையிலான கூடுதல் நேரம் தொடங்கும் போட்டிகளில், கடிகாரத்தை நிறுத்தி, கிண்ணத்திலிருந்து பதினைந்து கற்களை எண்ணி மேசையில் வைத்து, கிண்ணத்தை மூடியால் மூடிவிடுவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அந்தப் பதினைந்தும் பலகைக்குப் போயாக வேண்டும். போனால் மறுபடி பதினைந்து, மறுபடி ஐந்து நிமிடம். நேரம் எவ்வளவு மிச்சம் என்பதைக் கடிகாரத்தைவிட அந்தக் கற்குவியலே நன்றாகச் சொல்லும். ஆட்டம் முடிந்ததும் ஜப்பானிய விதியில், சுற்றி வளைத்துப் பிடித்த கற்களை எதிராளியின் இடத்திலேயே நிரப்பி, எஞ்சிய வெற்றிடங்களைப் பத்துப் பத்தாக எண்ண வசதியாகச் செவ்வகங்களாக நகர்த்தி அமைப்பார்கள். என் இடத்தை எதிராளியும், அவர் இடத்தை நானும் அடுக்குவோம். கேட்கும்போது கணக்குப் பிழைக்கு வழி வைத்ததுபோல் தோன்றும், ஆனால் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுக்குவதால் சச்சரவு எழுவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஆண்டுக்கொரு முறை கோடையில் கூடும் ஐரோப்பிய கோ மாநாட்டைப் பற்றித் தனியாக நிறைய எழுதலாம். 1957இல் ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபனில் தொடங்கியது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் பெருந்தொற்றால் நேரில் நடக்கவில்லை. அதன் பின் 2023இல் லைப்சிக், 2024இல் துலூஸ் என்று மறுபடி நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு வாரம், முதன்மைப் போட்டியில் பத்துச் சுற்று, நடுவில் வார இறுதிக்கென்று ஐந்து சுற்றுத் தனிப்போட்டி. கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருபவர்கள் பொதுப் பிரிவை வென்றுபோவதால், ஐரோப்பிய சாம்பியன் பட்டத்துக்கான மோதலை 2011 முதல் தனியாகப் பிரித்திருப்பது சரியான முடிவு. கூட்டமைப்பு 2014 முதல் தன் சொந்தத் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் உருவாக்குகிறது. என் பார்வையில் மாநாட்டின் சிறப்பு, அந்தத் தொழில்முறை ஆட்டக்காரர் மாலையில் வந்து என் தோற்ற ஆட்டத்தை முதல் கல்லிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான்.

நாடுகளுக்கு இடையிலான அணிப் போட்டி 2010 முதல் பாண்டாநெட் என்னும் இணைய கோ சர்வரில் நடக்கிறது; அணிக்கு நால்வர், ஏற்ற இறக்கமுள்ள லீக்குகள், முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகளின் இறுதிச் சுற்று மட்டும் மாநாட்டில் நேருக்கு நேர். செயற்கை நுண்ணறிவு வலுத்த பிறகு இந்தப் போட்டியே கூட்டமைப்புக்குத் தலைவலியானது. 2018இல் ஓர் ஆட்டக்காரர் லீலா என்னும் கோ ஆடும் நிரலின் உதவியோடு ஆடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு விலக்கப்பட்டது. நகர்வுகள் நிரலோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற புள்ளிவிவரம் மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்கப் போதுமா என்ற கேள்வியை மேல்முறையீடு எழுப்பியதை நான் கூட்டமைப்பின் பலமாகவே பார்க்கிறேன். இணையப் போட்டிக்குக் கால் பங்கு எடை என்ற விதியின் அருமையும் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

முதல்முறை பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. படிவத்தில் தரம் கேட்கும் கட்டத்தில், இணையச் சர்வர்களில் உள்ள தரத்தை அப்படியே எழுதாதீர்கள். இரண்டு அளவும் ஒன்றல்ல. ஐரோப்பிய ரேட்டிங் உள்ள நண்பர் ஒருவரோடு நான்கைந்து ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். முடிவைச் சொல்லப் போகும்போது, நடுவர் தட்டுவதை நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.