ஒருவரை மட்டும் ஒதுக்கலாம்: டெக்கன் 3-இல் ஆட்களைத் திறந்த கதை

டெக்கன் 3 என்கிற சண்டை வீடியோ கேமின் சிடியைச் சொந்தமாக வாங்கியபோது எனக்குப் பதினைந்து வயது. அதற்கு முன்பு இரண்டு வருடம், மதுரையில் எங்கள் தெருமுனை கேம் கடையில் மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து ஆடியதுதான். அந்தக் கடை டிவியில் எல்லா கேரக்டரும் இருக்கும். வீட்டில் சிடியைப் போட்டால் பத்தே பேர். ஹெய்ஹாச்சி இல்லை, கட்டை பொம்மை இல்லை, கரடி இல்லை. ஓட்டை சிடியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போனேன். கடைக்கார அண்ணன் சிரித்துவிட்டு, "எல்லாம் உள்ளதான்டா இருக்கு. நீதான் முடிச்சு முடிச்சு வெளிய எடுக்கணும்" என்றார். அவர் கடையில் இருந்தது யாரோ முடித்து வைத்த மெமரி கார்டு, அதாவது ஆடியதைச் சேமித்து வைக்கிற கார்டு.

1997-இல் ஆர்கேட் மெஷினில் வந்து, 1998-இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்த விளையாட்டு இது. ஆள் திறக்கும் விதி ரொம்ப எளிது. ஆர்கேட் மோடில் ஒரு ஆளை எடுத்துப் பத்து எதிரிகளையும் சாய்த்தால் ஒரு புது ஆள் வருவார். அடுத்தவர் வேண்டுமென்றால் வேறு ஆளை வைத்து முடிக்க வேண்டும். ஒரே ஆளை வைத்து நூறு முறை முடித்தாலும் பிரயோசனமில்லை. யாரை வைத்து முடித்தாலும் வருகிற வரிசை ஒன்றுதான்: கூமா, ஜூலியா, கன் ஜாக், மோகுஜின், அன்னா, பிரையன், ஹெய்ஹாச்சி, ஓகர், கடைசியாக ட்ரூ ஓகர். ஒன்பது பேர் வர ஒன்பது வெவ்வேறு ஆட்களை வைத்து முடிக்க வேண்டும். கையில் இருப்பதோ பத்துப் பேர். ஆக, ஒருவரை மட்டும்தான் தொடாமல் விடலாம். (புதிதாக வந்தவர்களை வைத்து முடித்தாலும் கணக்கில் சேரும். அது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாததே நல்லதாகப் போயிற்று.)

அந்தப் பத்துப் பேரில் எட்டிதான் என் ஆள். அந்தக் காலத்தில் யார்தான் இல்லை? எக்ஸையும் வட்டத்தையும் மாற்றி மாற்றி அமுக்கினால் போதும், கையைத் தரையில் ஊன்றிக் காலைச் சுழற்றிக்கொண்டே இருப்பான். எதிரே இருப்பவனுக்கு மேலே தடுப்பதா கீழே தடுப்பதா என்றே புரியாது. அது கபோய்ரா என்கிற பிரேசில் கலை, மார்செலோ பெரேரா என்ற நிஜ ஆசானின் அசைவுகளைப் பதிவு செய்துதான் எட்டியை உருவாக்கினார்கள் என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் படித்தது. எட்டியை வைத்து முடித்ததற்குக் கூமா என்கிற கரடி வந்தது. பாலுக்கு ஜூலியா. பாலிடம் ஒரே ஒரு குத்து தெரிந்தால் போதும்: கீழே, சாய்வாக முன்னே, முன்னே, கூடவே முக்கோணம். விழுந்தால் எதிரியின் லைஃப் பாரில் பெரிய துண்டு காணாமல் போகும். ஜின், யோஷிமிட்சு, ஹ்வாராங் எல்லாம் அடுத்த சில வாரங்களில் முடிந்தது.

அப்புறம்தான் கிங். ஜாகுவார் முகமூடி மாட்டிய மல்யுத்தக்காரர். குத்தும் உதையும் மந்தம். இந்த அன்லாக் கட்டாயம் இல்லையென்றால் அவர் பக்கம் தலை வைத்தே படுத்திருக்க மாட்டேன். இரண்டு வாரம் தோற்றேன். ஒரு நாள் எதிரியைப் பிடித்துச் சாய்த்த கையோடு ஏதோ பட்டனை அமுக்க, அந்தப் பிடியிலிருந்து இன்னொரு பிடி விழுந்தது, அதிலிருந்து மற்றொன்று. பிடிக்குள் பிடி! பட்டன் வரிசையைத் தாளில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிப் பழகினேன். எட்டியோடு இருந்திருந்தால் இன்னும் இரண்டு பட்டனையே தட்டிக்கொண்டிருப்பேன். இன்றுவரை என் ஆள் கிங்தான்.

நான் ஒதுக்கியது லெய்யை. படுத்துக்கொண்டு ஒரு நிலை, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நிலை, குடிகாரன் மாதிரித் தள்ளாடி ஒரு நிலை. மனப்பாடம் பண்ண இதென்ன பரீட்சையா?

வந்தவர்களில் மோகுஜின் வந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கட்டை பொம்மைக்குச் சொந்த அடி கிடையாது. ரவுண்டுக்கு ரவுண்டு வேறு யாரையாவது போல ஆடும். நாலு பேரை வைத்து முடித்தவன் கையில் கொடுத்தால்தான் அதற்கு மரியாதை. அன்னா ஏமாற்றம், பாதி அடி அக்கா நீனாவுடையது. பாண்டா கூமாவின் மறு உடை. ட்ரூ ஓகர் பார்க்கப் பிரமாதம், இறக்கை, வாயில் தீ எல்லாம் உண்டு. ஆனால் அவ்வளவு பெரிய உடம்போடு நண்பனிடம் தொடர்ந்து அடி வாங்கியதுதான் மிச்சம்.

டாக்டர் பாஸ்கனோவிச் சமாச்சாரம் தனி. டெக்கன் ஃபோர்ஸ் என்று ஒரு மோட், வரிசையாக வருகிற அடியாட்களை அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். நடுவில் கோழிக்கறி கிடைத்தால் உயிர் ஏறும். ஒரு முறை முடித்தால் வெண்கலச் சாவி, அடுத்து வெள்ளி, அடுத்து தங்கம். நாலாவது முறைதான் டாக்டரே வருவார், அவரையும் அடிக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு எடுத்தால், மனிதருக்கு நிற்கவே முடியவில்லை! முதுகுவலிக்காரர், எழுந்தவுடன் விழுந்துவிடுவார். இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவரைத்தான் போட்டுக் காட்டினேன்.

கோன் என்கிற குட்டி டைனோசரை, பந்தை எதிரி பக்கம் அடிக்கிற டெக்கன் பால் (Ball) மோடில் ஜெயித்து எடுக்கலாம். ஒரே உயிரில் எத்தனை பேரைச் சாய்க்கிறோம் என்று பார்க்கிற சர்வைவல் மோடில் ரெக்கார்டு வைத்து ஜி, ஓ, என் என்று பெயர் பதித்தாலும் வரும். உயரமான அடிகள் அதன் தலைக்கு மேலேயே போய்விடும் என்பதால் எங்கள் தெருவில் அதற்குத் தடை. டைகர் ஜாக்சனுக்குப் பதினாறு பேரை வைத்து முடிக்க வேண்டும், கிடைப்பதோ எட்டிக்கு டிஸ்கோ உடுப்பு. எனக்கு அது இன்னும் பாக்கி.

பிளஸ் டூ லீவில் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், கார்டு காலி. மறுபடியும் பத்துப் பேர். முதல் தடவை மூன்று மாதம் பிடித்தது, இந்த முறை இரண்டு சாயங்காலம். கார்டில் இருந்ததுதான் போனது, கையில் இருந்தது போகவில்லை. அவசரக்காரர்களுக்கு ஒன்று: ஆப்ஷனில் டிஃபிகல்ட்டியை ஈசியாக்கி, ரவுண்டை ஒன்றாக்கினால் இன்னும் சீக்கிரம் முடியும். முதல் முறை ஆடுகிறவர்கள் அதைச் செய்யாதீர்கள்.

2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8-இல் முதல் நாளே 32 பேர் திறந்தே இருந்தார்கள். யாரையும் சம்பாதிக்க வேண்டியதில்லை. என் எட்டி மட்டும் அதில் இல்லை. ஏப்ரலில் தனிக் காசுக்கு வந்தான். டெக்கன் 3-இல் சும்மா கிடைத்த பத்துப் பேரில் ஒருவன்! வாங்கினேன், பொய் சொல்லவில்லை. வாங்கி ஒரு வாரம் ஆடினேன்.

போன மாதம் பழைய மெஷினைத் தூசி தட்டி அக்கா மகனிடம் கொடுத்தேன், புது கார்டு, பத்துப் பேர். ஞாயிற்றுக்கிழமை போனபோது கன் ஜாக் வரை வந்திருந்தான். "வாங்க மாமா, ஒரு மேட்ச்" என்றவன் லெய்யை எடுத்தான். படுத்தபடியே உதைத்து என் கிங்கை இரண்டு ரவுண்டிலும் சாய்த்துவிட்டு, "இவனை நீங்க எடுத்ததே இல்லையா மாமா?" என்று கேட்டான்.