பாசி மிதவை மானியத் திட்டம்: ஐந்துக்கு மூன்று

2020-இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனா என்ற மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில், ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் பெண்கள் குழுக்களுக்குக் கடற்பாசி வளர்க்க மானியம் கொடுக்கிறார்கள். இரண்டு பருவம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பணத்தில் குறையே இல்லை. மிதவை (பாசி கட்டிக் கடலில் மிதக்கவிடும் மூங்கில் சட்டம்) ஒன்றுக்குக் கயிறு, விதை (நடவுக்கான பாசித் துண்டு) எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் என்று கணக்கு, பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் போக நாம் போடுவது 600 ரூபாய்தான். தீவுப் பக்கம் மூழ்கி, விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பிய்த்த எங்கள் அம்மாக்களுக்கு இப்படி ஒன்று கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

வேலையும் பழகினால் வந்துவிடும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் பெப்சி பாசி (அந்தக் கம்பெனி இங்கே வளர்க்கச் சொன்னதால் ஊரில் இன்னும் அதே பேர்தான்), ஆக மிதவைக்கு 60 கிலோ விதை. அடியில் வலை கட்ட மறந்தால் ஓரா மீன் மேய்ந்துவிடும். எல்லாம் சரியாக அமைந்தால் 45 நாளில் 200 கிலோவைத் தாண்டும், அதில் அடுத்த நடவுக்கு 60 கிலோ எடுத்து வைத்துவிட்டு மீதியைக் காயப்போட வேண்டும். பத்து கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நட்சத்திரம் குறைத்தது காலத்துக்காக. வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) வாடைக்காற்று அடங்கித் தை பிறந்தால்தான் பாசிக்கு நல்ல நேரம், அது பங்குனி வரை ஓடும். எங்களுக்கு மூங்கிலும் விதையும் வந்தது மார்ச் கடைசி வாரம்! நிதியாண்டு முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும் என்று நாங்கள் போன அலுவலகத்தில் சொன்னார்கள். கட்டி மிதக்கவிட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை, சித்திரை வெயிலில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது, தண்டெல்லாம் வெளுத்து வெந்த சேமியா மாதிரி ஆகித் தொட்டாலே அறுந்து விழுந்தது. 40 மிதவையில் ஒன்றிலும் அடுத்த நடவுக்கு விதை மிஞ்சவில்லை. மறு வருடம் விதையை நாங்களே வெளியில் வாங்கித் தை மாதமே கட்டினோம், அதே மூங்கில், அதே கைகள், நல்ல அறுவடை எடுத்தோம்.

மிதவை எத்தனை கொடுத்தோம் என்று எண்ணுகிற இடத்தில், கோடையைத் தாண்டி விதை எத்தனை பேரிடம் உயிரோடு இருக்கிறது என்றும் எண்ண வேண்டும். வலமாவூரில் 2023-இல் அடிக்கல் நாட்டிய கடற்பாசிப் பூங்காவை நான் எதிர்பார்ப்பதும் இந்த விதைக்காகத்தான்.

புதிதாகச் சேர்கிற அக்கா தங்கைகள், ஆடி ஆவணியிலேயே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். விதை எந்த மாதம் கைக்கு வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மார்ச் என்றால் மூங்கிலையும் கயிற்றையும் மட்டும் வாங்கி நிழலில் வையுங்கள், விதையைத் தையில் தரச் சொல்லுங்கள்.