யாரு சாடை? – சோக்கோவும் கரடியம்மாவும்

திருநெல்வேலிப் பக்கம் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே "யாரு சாடை?" என்பதுதான். தத்தெடுத்த பிள்ளைக்கு மூன்று வயதானால் அதன் காதிலும் அது விழும். கெய்கோ காசா எழுதிப் படமும் வரைந்த 'எ மதர் ஃபார் சோக்கோ' (1992) நேரே அந்தச் சாடையைத்தான் எடுத்துக்கொள்கிறது. தத்தெடுத்த வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய புத்தகம்.

சோக்கோ மஞ்சள் குஞ்சு. உப்பின கன்னம், கோடுபோட்ட கால். அம்மாவைத் தேடிப் போகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கு நிறம் சரி, இறக்கை இல்லை. பென்குயினுக்கு இறக்கை உண்டு, கன்னம் இல்லை. வால்ரஸுக்குக் கன்னம் உண்டு, காலில் கோடு இல்லை. கரடிக்கோ எதுவுமே பொருந்தாது. ஆனால் அது, அம்மா இருந்தால் உனக்கு என்ன செய்வாள் என்று கேட்கிறது. கட்டிப்பிடிப்பாள், முத்தம் கொடுப்பாள், பாடி ஆடுவாள் என்கிறது குஞ்சு. ஒவ்வொன்றையும் கரடி செய்கிறது. வீட்டுக்குப் போனால் அங்கே ஏற்கெனவே நீர்யானை, முதலை, பன்றி என்று மூன்று பிள்ளைகள்!

ஆங்கிலத்தை வாசிக்காமல் படம் காட்டித் தமிழில் சொல்லுங்கள். கரடி அணைக்கும் பக்கத்தில் நீங்களும் பிள்ளையை அணையுங்கள். 'ஆப்பிள் பை' (ஆப்பிளை உள்ளே வைத்துச் சுடுகிற பலகாரம்) வரும் இடத்தில் 'ஆப்பிள் போளி' போதும். முந்திரிக்கொத்து என்று மாற்றினால், கரடி ஆப்பிள் பறிக்கிற படம் ஒட்டாது.

குறைகளும் உண்டு. "நீங்கள் என் அம்மாவா?" என்று கேட்கிற குஞ்சுக்கு மூன்று தடவை இல்லை என்கிற பதிலே வருகிறது. குழந்தைகள் இல்லத்திலிருந்து சற்று வளர்ந்து வந்த பிள்ளைக்கு இது உறுத்தலாம். முகம் வாடினால் கரடி பக்கத்துக்குத் தாவிவிடுங்கள். பெற்றவள் எங்கே என்பதற்கும் கதையில் பதில் இல்லை. பிள்ளை கேட்டால், "அவங்களால வளர்க்க முடியல. உன்மேல தப்பே இல்ல" என்பது போதும், அவளைப் பழிக்க வேண்டாம். கதையில் குஞ்சுதான் அம்மாவைத் தேடுகிறது; நம் ஊரில் பெற்றோர்தான் காராவில் (மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பு) பதிந்து காத்திருக்கிறார்கள். ஆகவே கடைசியில், "நாங்கதான் உனக்காகக் காத்துக் கெடந்தோம்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி, தாத்தாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்: "உன்னத் தவிட்டுக்கு வாங்குனோம்" என்கிற கேலி இந்த வீட்டில் கூடாது. இந்தப் பிள்ளை அதை நிஜமென்று எடுத்துக்கொள்ளும்.

மூன்று வயதுக்குள் என்றால் கெட்டி அட்டைப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய தாள் பதிப்பில் பிள்ளை திரும்பத் திரும்பப் புரட்டுவது கரடி பக்கத்தைத்தான், முதலில் கிழிவதும் அதுதான்.